வரைபட மேஜையில் தொழிலாளிக்கும் இடம் வேண்டும்

2012 ஜூலை 30, அதிகாலை 2 மணி 33 நிமிடம். மத்தியப் பிரதேசத்தில் பினா - குவாலியர் 400 கிலோவோல்ட் மின்பாதை தானாகத் துண்டித்துக்கொண்டது. வட இந்தியா இருண்டது. மறுநாள் பகல் 1 மணிக்கு அதே பாதை மீண்டும் நின்றது. இம்முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் வீழ்ந்தன. 60 கோடி மக்களுக்கு மின்சாரமில்லை. மேற்கு வங்காளத்தில் சுரங்க லிப்டுகள் நின்று, சுமார் 200 நிலக்கரித் தொழிலாளிகள் பூமிக்கடியில் சிக்கினர். நல்லவேளை, உயிரோடு மீண்டனர்.

இடி விழுந்ததா? கம்பி அறுந்ததா? இல்லை! பழுதே கிடையாது என்றது விசாரணைக் கமிட்டி. பக்கத்துப் பாதை 765 கிலோவோல்டாக உயர்த்தும் வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. மிச்சமிருந்த பாதையில் பளு ஏறியது. சப்-ஸ்டேஷனில் காவல் காக்கும் ரிலே, அந்தப் பளுவையே பழுதென்று எடுத்துக்கொண்டு பாதையைத் துண்டித்தது. மழை பொய்த்த ஆண்டு. சில மாநிலங்கள் பங்குக்கு மேல் மின்சாரம் இழுத்தது உண்மைதான். அதற்காக விவசாயியின் பம்ப்செட்டைக் குற்றவாளியாக்கினால், ரிலேயை அமைத்தவரும், பளுவைக் கணக்கிட்டவரும், பாதையை நிறுத்த அனுமதித்தவரும் ஒரே மேஜையில் அமர்ந்தார்களா என்ற கேள்வி மறைந்துபோகும்.

அன்று தென்னகம் தப்பியது. ஆனால் 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் - சோலாப்பூர் பாதை வழியே நாமும் அதே மின்தொகுப்பில் சேர்ந்துவிட்டோம். இன்று கோவை மில்லின் கதிரும் தஞ்சை வயலின் மோட்டாரும் அந்தக் கம்பியில்தான் ஓடுகின்றன.

ஒரு சப்-ஸ்டேஷனை ஒருவர் வரைவதில்லை. அஸ்திவாரமும் கேபிள் பள்ளமும் சிவில் இன்ஜினீயர் கையில், டிரான்ஸ்பார்மரும் எர்த்திங்கும் மின் இன்ஜினீயர் கையில், ரிலே இன்னொருவரிடம். ஒருவர் திருத்திய வரைபடம் மற்றவருக்குப் போய்ச் சேராவிட்டால், கட்டிய பின் இடிக்க வேண்டும். அல்லது மழைநீர் கேபிள் பள்ளத்தில் தேங்கும். அதில் இறங்குகிறவன் யார்? ஒப்பந்தத் தொழிலாளி! நீர் எந்தப் பக்கம் தேங்கும், எந்த சுவிட்ச் கைக்கு எட்டாது என்பது ஷிப்டில் நிற்கும் ஆபரேட்டருக்குத் தெரியும். அவனை யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். எல்லாப் பிரிவினரும், பராமரிப்புத் தொழிலாளர் பிரதிநிதிகளும் கூடி ஒப்பிய பிறகே வரைபடத்துக்கு இறுதி அனுமதி தர வேண்டும். பாதையொன்றைச் சேர்த்தாலும் நிறுத்தினாலும் ரிலே அமைப்பைக் கூட்டாகத் திரும்பச் சோதிக்க வேண்டும். மின்வாரியத் தொழிற்சங்கங்கள் இக்கோரிக்கையை அடுத்த பேச்சுவார்த்தையிலேயே எழுப்ப வேண்டும். மில் தொழிலாளர் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் அவர்களோடு நிற்க வேண்டும்.