வியாழன் முடிந்த பிறகு

பெரிய வியாழனன்று கத்தோலிக்க ஆலயங்களில் பாதம் கழுவும் சடங்கு நடக்கும். குருவானவர் இடுப்பில் துண்டு கட்டி, மண்டியிட்டு, பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவித் துடைப்பார். கடைசி இரவு விருந்தில் இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவு அது. ஒரு சின்ன உண்மை: அந்தப் பாதங்களில் பல, வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்க்கப்பட்டு வந்தவை.

சடங்கு முடிந்த மறுநாளும் தொடர்கிற சேவையைப் பார்க்கக் கட்டப்பனைக்குப் போகலாம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கம்பம்மெட்டு வழியாக மலையேறினால் வரும் இடுக்கி மாவட்ட ஊர். ஏலத்தோட்டக் கூலி வேலைக்குத் தேனி மாவட்டப் பெண்கள் விடியற்காலை ஜீப்புகளில் நெருக்கியடித்துக் கடக்கும் எல்லை.

1960-களில் கேரளக் கிறிஸ்தவப் பெண்கள் பலர் நர்ஸ் வேலைக்காக மேற்கு ஜெர்மனிக்குப் போனார்கள். 1969-ல் எதிர்த்திசையில் ஒருவர் வந்தார். 1918-ல் பெர்லினில் பிறந்த பிரதர் ஃபோர்த்துனாத்துஸ் தான்ஹாய்சர். அப்போது இடுக்கி மாவட்டமே கிடையாது. அது உருவானது 1972-ல்.

அவர் குருவானவர் அல்ல. பூசை வைக்கவோ, பாவசங்கீர்த்தனம் கேட்கவோ அதிகாரமில்லாத வெறும் 'பிரதர்'. அவருடைய புனித இறை யோவான் சபைக்கு மூலவரான யோவானும் பெரிய மனிதராகத் தொடங்கியவர் இல்லை. போர்ச்சுகலில் பிறந்து, ஆடு மேய்த்து, சிப்பாயாகி, புத்தகம் விற்றவர். ஸ்பெயினின் கிரனடாவில் பைத்தியம் என்று அடைத்துவைக்கப்பட்டு அடி வாங்கியவர். வெளியே வந்ததும் நோயாளிகளுக்காக ஒரு வீட்டைத் திறந்தார். 1550-ல் இறந்தார். மற்ற துறவிகளுக்கு வாக்குறுதிகள் மூன்று: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். இந்தச் சபையினருக்கு நான்காவதாக ஒன்று உண்டு: நோயாளிகளை உபசரிப்பது.

கட்டப்பனையில் அந்த நான்காவது வாக்குறுதி செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையாக வளர்ந்தது. 1977-ல் பெண்களுக்கான துறவற சபை ஒன்றையும் பிரதர் தொடங்கினார். 2005 நவம்பரில் காலமானார். 2014-ல் திருச்சபை அவரை 'இறையடியார்' என்று அறிவித்தது. புனிதர் பட்டத்தை நோக்கிய முதல் படி அது.

கௌரவம் நியாயமானதுதான். ஆனால் அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவது சுலபம். படுக்கைப் புண்ணைத் துடைத்துக் கட்டுவது கஷ்டம். மகான்களைப் பீடத்தில் ஏற்றிவிட்டு, அவர்கள் செய்த வேலையைக் கீழேயே போட்டுவிட்டு வருவது நம் நாட்டில் எல்லா மதத்தாருக்கும் பொதுவான பழக்கம்.

ஏதோ ஒரு மருத்துவமனையில் இந்த இரவும் ஒரு ஆயா, உறவினர் யாரும் எட்டிப் பார்க்காத கிழவரின் மலப்பாத்திரத்தை எடுத்துக் கழுவுவார். அவர் பெயரை யாரும் ரோமுக்கு அனுப்பப் போவதில்லை. அவர் எதிர்பார்க்கவும் மாட்டார். 'அடியார்' என்ற சொல்லுக்குப் பழைய அர்த்தம் இன்னும் அங்கேதான் மிச்சமிருக்கிறது.