பயிர்க் காப்பீட்டை முதலில் வரைந்து காட்டுங்கள்

கர்நாடகத்தின் கோலார் பக்கம் உள்ள பேத்தமங்களா ஹோபளியின் (வருவாய் வட்டத்தின்) மானாவாரி நிலங்களில் ராகி தனியாக நிற்பது குறைவு. சில வரிசைக்கு ஒரு வரிசை அவரையோ துவரையோ ஊடாக வரும், வரப்போரம் ஆமணக்கு. அங்கே இதை ‘அக்கடி சாலு’ என்பார்கள். ஒன்று காய்ந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்று உழவர் தாமே செய்துகொண்ட காப்பீடு அது. அரசின் காப்பீடு வேறு கணக்கில் ஓடுகிறது. 2016-இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தைக் கர்நாடகம் ‘சம்ரக்ஷணே’ என்னும் தன் சொந்த இணையதளத்தின் வழியாக நடத்துகிறது. விண்ணப்பத்தில் சொன்ன பயிரும் பயிர்க் கணக்கெடுப்பில் பதிவான பயிரும் ஒத்துப்போகாவிட்டால் இழப்பீடு மறுக்கப்படுவது உண்டு. ராகி என்று விண்ணப்பித்தவரின் நிலத்தில் கணக்கெடுப்பாளர் ராகியோடு அவரையையும் பதிந்தால், அது பொருத்தமா, முரண்பாடா? எழுத்தர் செய்த பிழை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு பயிரா, பல பயிரா என்பதை, இணையதளத்தின் பின்னால் இருக்கும் தரவுக் கட்டமைப்பை வகுத்தவர்கள் முன்பே முடிவு செய்திருப்பார்கள். அந்த முடிவு எவர் கண்ணிலும் படாமல் நிரலுக்குள் கிடக்கிறது என்பதுதான் சிக்கல்.

அதைக் கண்ணில் படவைக்கும் கருவி நெடுநாளாகவே இருக்கிறது. பீட்டர் சென் 1976-இல் பொருள்–உறவு வரைபடத்தை முன்வைத்தார். பூச், ரம்பா, யாக்கப்சன் மூவரும் தத்தம் முறைகளை இணைத்து உருவாக்கிய யுஎம்எல் என்னும் வரைபட மொழி 1997-இல் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. அதில் வகுப்பு வரைபடம் என்று ஒன்று உண்டு. விவசாயி, நிலம், பயிர், பாலிசி, இழப்பு ஒவ்வொன்றும் ஒரு பெட்டி; இடையே கோடுகள்; கோட்டின் முனையில் ‘1’ அல்லது நட்சத்திரக் குறி. நட்சத்திரம் என்றால் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். நிலத்திலிருந்து பயிருக்குப் போகும் கோட்டின் முனையில் ‘1’ என்று போட்டால் அக்கடி சாலு அந்த அமைப்பில் நுழையவே முடியாது. ஓர் எழுத்து அளவிலான அந்தக் குறி, கொள்கை முடிவின் வேலையைச் செய்துவிடுகிறது.

பயிரைவிடக் கூர்மையான கேள்வி, பாலிசி யார் பெயரில் என்பது. கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டம் 1974 திருத்தத்துக்குப் பிறகு குத்தகையை ஏறத்தாழ முற்றாகத் தடை செய்தது. குத்தகை ஒழிந்துவிடவில்லை, வாய்மொழிக்கு இறங்கிவிட்டது. ‘பூமி’ திட்டத்தின் வழி 2000-இல் கணினிக்கு ஏறிய நில ஆவணங்களில், அதாவது பஹணியில், இப்படி உழுபவர் பெயர் வர வழியில்லை. ஆனால் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகள் குத்தகைதாரரையும் வாரத்துக்குப் பயிர் செய்பவரையும் தகுதியுடையோராகவே சொல்கின்றன. விதி ஒன்று சொல்ல, ஆவணம் வேறொன்று சொல்ல, இடையில் நிற்பது தரவுக் கட்டமைப்பு. பாலிசிதாரர் என்ற பெட்டியைப் பஹணி உரிமையாளரோடு நேராகக் கோர்த்தால் விதி செத்தது. ‘உழுபவர்’ என்று தனிப் பெட்டி வைத்து, எந்தப் பருவத்துக்கு, எந்தச் சான்றின் பேரில் என்று கோடு போட்டால் விதிக்கு உயிர் உண்டு. தாத்தா பெயரிலேயே நிற்கும் பஹணியை வைத்துக்கொண்டு பேரன்கள் உழும் நிலங்களுக்கும் இதே கதைதான்.

வெளிநாட்டுக் காப்பீட்டுத் துறை இதையெல்லாம் எப்போதோ வரைந்து முடித்துவிட்டதே, அதை எடுத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். 1970-இல் தொடங்கிய அகார்டு என்னும் காப்பீட்டுத் தர அமைப்பின் தகவல் மாதிரிகள் உண்மையிலேயே விரிவானவை. வாகனக் காப்பீட்டுக்கு அவற்றைக் கடன் வாங்குவதில் தவறில்லை. அங்கே இழப்பு பாலிசிதாரரின் சொந்தப் பொருளுக்கு நேர்கிறது. அவர் கோரிக்கை வைக்கிறார். நம் பயிர்க் காப்பீட்டின் பெரும்பகுதியில் இழப்பு ஒரு வட்டாரத்துக்கு நேர்கிறது. முக்கியப் பயிர் என்றால் கிராமப் பஞ்சாயத்துதான் அலகு. நான்கு பயிர் அறுவடைச் சோதனைகளிலிருந்து சராசரி விளைச்சல் வருகிறது. உதாரணமாக, உத்தரவாத விளைச்சல் ஹெக்டேருக்கு 10 குவிண்டால், கிடைத்தது 7 என்றால், 40,000 ரூபாய் காப்பீட்டுக்கு 12,000 ரூபாய் இழப்பீடு. யாரும் கோரவேண்டியதில்லை. ஆலங்கட்டி மழையோ வெள்ளமோ வந்தால் மட்டும் கதை மாறுகிறது: 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லவேண்டும், கணக்கு அந்த வயலுக்கு மட்டும். அறுத்து வயலிலேயே காயப்போட்ட ராகி கார்த்திகை மழையில் நனைந்தால் 14 நாள் வரம்பு தனி. ஆக ‘இழப்பு’ என்ற ஒரே சொல்லின் கீழ் இருப்பது வெவ்வேறு பிறவிகள். வரைந்து பார்த்தால் பெட்டிகள் தாமாகவே பிரிந்துவிடும். வரையாததால்தான் தன் வயல் கருகியும் பணம் வராதவருக்குப் பஞ்சாயத்துச் சராசரியை எவராலும் விளக்க முடிவதில்லை.

கணினித் துறையிலிருந்தே வரும் மறுப்பு வலுவானது. வரைபடம் வரைந்து முடிப்பதற்குள் விதி மாறிவிடும். நிரல் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று போய்விடும். உண்மைதான். யுஎம்எல்லில் உள்ள 14 வகை வரைபடங்களையும் வரைந்து அலமாரியில் அடுக்கிய திட்டங்கள் உண்டு; அவற்றுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் பயிர்க் காப்பீட்டின் அடிப்படை உறவுகள் வாரந்தோறும் மாறுவதில்லை. 2020-இல் கடன் வாங்கியவர்களுக்கும் இது கட்டாயமில்லை என்று ஆனபோதுகூட, மாறியது வங்கிக்கும் பாலிசிக்கும் இடையிலான கோடு ஒன்றுதான். வரையாமல் விட்டதன் விலையும் தெரிந்ததே. இதற்கு முந்தைய பயிர்க் காப்பீட்டுத் திட்டங்களைத் தணிக்கை செய்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2017 அறிக்கையில், பயனாளி விவசாயிகளின் தரவுத்தளத்தை அரசுகள் பராமரிக்கவில்லை என்று குறைகூறினார்.

விவசாயிக்குப் பெட்டியும் கோடும் புரியுமா என்பதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. சர்வே வரைபடத்தில் ஹிஸ்ஸா (உட்பிரிவு) எல்லையை விரல் வைத்துக் காட்டுபவர்களுக்கு ஆறு பெட்டிகள் பெரிய விஷயமல்ல. இன்னும் சொல்லப்போனால், இந்த நிலத்தில் மூன்று பயிர் இருக்கிறதே, ஏன் ஒரு கோடுதான் போட்டிருக்கிறீர்கள் என்று முதலில் கேட்கப்போவது அவர்கள்தான். மென்பொருள் நிறுவனத்தின் அறையில் அந்தக் கேள்வி எழ வாய்ப்பில்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் அரசு அறிவிக்கை வெளியிடுகிறது. எந்தப் பஞ்சாயத்தில் எந்தப் பயிர், பிரீமியம் எவ்வளவு என்ற பட்டியல் அதில் இருக்கிறது. அதோடு ஒரு பக்கத்தில் இந்த வரைபடத்தையும் சேர்க்கலாம். பேத்தமங்களா போன்ற இடத்தில் அந்தப் பக்கம் கன்னடத்தோடு தெலுங்கிலும் தமிழிலும் இருக்கவேண்டும். விண்ணப்பம் வாங்கத் தொடங்கும் முன்பே ரைத சம்பர்க்க (உழவர் தொடர்பு) மையத்தின் சுவரில் ஒட்டப்பட்டிருக்கவேண்டும்.