மலைநாட்டின் சாக்ஷி

பழைய போட்டோப் படங்களைப் பொழுதுபோக்குப் பண்டமாகவே கருதுவோர் பலர். அவற்றுள் சில, பொதுஜன நியாய ஸ்தலத்தில் நின்று பேசவல்ல சாக்ஷிகள் என்பது நமது அபிப்பிராயம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகத்தில் வைத்துப் பாதுகாக்கப்படும் அப்பலாச்சிய மலைநாட்டு வர்ண ஸ்லைடுகள் இத்தகையவை.

மேற்கு வர்ஜீனியா ராஜ்யமும், கென்டக்கி, வர்ஜீனியா, டென்னஸி ராஜ்யங்களின் மலைப் பாகங்களும் நிலக்கரிக்குப் பேர் போனவை. அந்நாட்டின் எஃகு ஆலைகளையும் மின்சார நிலையங்களையும் ஓட்டிய கரியில் பெரும் பங்கு இங்கே வெட்டப்பட்டது. கரியும் அதன் லாபமும் வெளியேறின. தூசியும் தரித்திரமும் மலை ஜனங்களுக்கு மிஞ்சின. 1970-ல் ஏற்பட்ட சுற்றுப்புறப் பாதுகாப்பு இலாகா, அடுத்த வருஷமே 'டாக்குமெரிகா' என்னும் திட்டத்தை ஆரம்பித்து, தேசத்தின் மெய்யான நிலையைப் படமெடுத்து வருமாறு புகைப்படக்காரர்களை அனுப்பியது. நாஷ்வில் நகரத்து 'டென்னஸியன்' பத்திரிகையின் புகைப்படக்காரரான ஜாக் கார்ன், 1974-ல் கரிச்சுரங்கப் பிரதேசத்திற்குச் சென்றது இவ்வாறுதான்.

அக்காலத்தில் வெளியூர்க் காமிராவைக் கண்டால் மலை ஜனங்களுக்கு வெறுப்பு மிகுதி. வறுமையை ஒழிக்கும் இயக்கம் 1964-ல் தொடங்கியது முதல், தங்கள் கந்தலை மட்டும் படம் பிடித்து உலகுக்குக் காட்டுகிறார்கள் என்று அவர்கள் மனம் புழுங்கினர். 1967-ல் ஹ்யூ ஓ'கானர் என்ற கனடா திரைப்படக்காரர், கிழக்குக் கென்டக்கியில் படமெடுக்கையில் அந்நிலத்தின் சொந்தக்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலையை நியாயமென்று எவரும் கூறார். ஆயினும் அதன் பின்னிருந்த மனப்புண் பொய்யன்று.

ஜாக் கார்ன் அப்புண்ணைக் கிளறவில்லை. ரிச்லாண்ட்ஸ் என்ற ஊருக்கருகே சுரங்கத்தில் இறங்குவதற்கு வரிசையாய் நிற்கும் தொழிலாளரை அவர் காட்டுகிறார். வேலை முடிந்து வீடு வந்து, குளித்து, உடை மாற்றி, சிறு மகளோடு அமர்ந்திருக்கும் தந்தையைக் காட்டுகிறார். சுரங்க வேலையில் ஊனமுற்று, நஷ்டஈட்டுக்கு 18 வருஷம் காத்திருந்த மனிதரையும் காட்டுகிறார். தூசியால் சுவாசகோசம் கெட்டு மூச்சுக்குத் திணறும் முதியோரும் அவற்றில் உளர். பார்ப்பவரிடம் இரக்கம் யாசிக்கும் முகத்தை இவற்றிடையே காண்பது அரிது.

நிற்க. ஸ்லைடின் இயல்பு ஒன்றை இங்கே கூறவேண்டும். திரையில் ஒளி பாய்ச்சி அடிக்கடி காட்டினால் அதன் வர்ணம் மங்கும். இருளிலும் குளிரிலும் வைத்தால் நீடிக்கும். ஆகவே காப்பகத்தார் மூலப்படங்களைப் பத்திரப்படுத்தி, டாக்குமெரிகாவின் 15,000-க்கு மேற்பட்ட படங்களின் பிரதிகளை எவரும் இலவசமாய்க் காணும்படி செய்தது போற்றத்தக்கது. காப்பு இல்லாவிடில் நேர்வது என்ன என்பதை 2022 ஜூலை வெள்ளம் காட்டியது. 1969-ல் கென்டக்கியின் ஒயிட்ஸ்பர்க்கில் நிறுவப்பட்ட 'அப்பல்ஷாப்' கலைநிலையத்தின் படச்சுருள்களும் ஒலிநாடாக்களும் அன்று சேற்று நீரில் மூழ்கின.

ஆனால் சாக்ஷியைப் பத்திரமாய் வைத்தால் மட்டும் போதுமா? அதன் வாக்குமூலத்தைக் கேட்கவேண்டாமா? 1968-ல் ஃபார்மிங்டன் சுரங்க வெடிவிபத்தில் 78 பேர் மாண்ட பின்னரே, 1969-ல் தூசிக்கு வரம்பு கட்டும் சட்டம் பிறந்தது. கருநுரையீரல் நோய் இனி ஒழியும் என்று பலர் நம்பினர். ஆனால் 25 வருஷம் அல்லது அதற்கு மேல் உழைத்த மத்திய அப்பலாச்சியச் சுரங்கத் தொழிலாளரில் ஐவருக்கு ஒருவரிடம் அந்நோயின் அறிகுறி காணப்படுவதாக 2018-ல் சர்க்கார் ஆராய்ச்சியாளரே அறிவித்தனர். தடித்த கரிப்படுகைகள் தீர்ந்தமையால், மெல்லிய படுகையோடு பாறையையும் சேர்த்து வெட்டுகின்றனர்; அப்பாறையின் சிலிக்காத் தூசி கரித்தூசியினும் கொடியது. அத்தூசியின் வரம்பைப் பாதியாய்க் குறைக்கும் விதி 2024-ல் வெளியாயிற்று. 2025-ல் அமலாகவேண்டிய அது, வழக்கினாலும் அதிகாரிகளின் தாமதத்தாலும் அவ்வருஷம் தடைப்பட்டது.

இது நமக்குப் பெரிதும் விசனமளிக்கிறது. நோயாளிகளைப் படமெடுக்க ஆள் அனுப்பியதும் சர்க்கார். அப்படங்களை அரைநூற்றாண்டு காத்ததும் சர்க்கார். அறியாமல் நேர்ந்தது என்று சொல்லித் தப்ப அதற்கு இனி இடமில்லை. அப்படங்களை அவை எடுக்கப்பட்ட ஊர்களின் பள்ளிகளிலும் தொழிலாளர் சங்கங்களிலும் காட்டவேண்டும். தம் பாட்டனாரின் மூச்சைப் பறித்தது எது என்று இளைஞர் அறியவேண்டும். சுரங்க விதிகளை இயற்றுவோரும் அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்திடட்டும். உழைப்பவனின் மூச்சைக் காவாத சர்க்கார், அவன் படத்தை மட்டும் காப்பதால் என்ன பயன்?