தலையெழுத்தா? கழுத்துச் சுரப்பியா?

நமது நாட்டில் ஆணுக்குச் சரீரத்தில் அசதி கண்டால் அதற்கு நோய் என்று பெயர். அதே அசதி பெண்ணுக்குக் கண்டால் சோம்பேறித்தனம் என்று பெயர். இந்தப் பெயர் மாற்றத்தால் எத்தனையோ பெண்கள் வீணாய் வதைபடுகின்றார்கள்.

காஞ்சிபுரத்துத் தறி வீடுகளைப் பாருங்கள். புருஷன் தறிக்குழியில் இறங்கினால் மனைவி தார் சுற்றவேண்டும், அடுப்பையும் பார்க்கவேண்டும். அப்படிப்பட்டவளுக்கு நாளாக ஆகக் கை ஓடவில்லை. உடம்பு கனக்கின்றது. மற்றவர்கள் தாங்கும் குளிரை அவளால் தாங்க முடியவில்லை. தலைமயிர் உதிர்ந்து, தோல் வறண்டு, முகம் ஊதி, குரல் கம்மி, மலச்சிக்கலும் மறதியும் சேருகின்றன. மாதவிலக்கு முறை தவறுகின்றது. கர்ப்பம் தரிப்பதில்லை; தரித்தாலும் சில சமயம் நிலைப்பதில்லை. உடனே வீட்டார் என்ன செய்கின்றார்கள்? மாமியார் "தின்று கொழுத்துவிட்டாள்" என்கின்றாள். ஜோசியன் "சனி" என்கின்றான். வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போய்த் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொடச்சொல்லுகின்றார்கள். அதிலும் தீராவிட்டால் எல்லையம்மனுக்குக் கிடா நேர்ந்துகொள்ளுகின்றார்கள். கொஞ்சம் இரத்தத்தை எடுத்துச் சோதித்துப் பார்ப்போம் என்பது மாத்திரம் கடைசியில்தான் தோன்றுகின்றது.

சங்கதி என்னவென்றால், குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் தைராய்டு என்று ஒரு சிறு சுரப்பி இருக்கின்றது. உணவில் கிடைக்கும் அயோடினைக் கொண்டு அது தைராக்ஸின் என்னும் ஹார்மோனைச் செய்து இரத்தத்தில் விடுகின்றது. உடம்பு எவ்வளவு வேகமாய் வேலை செய்வது என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தது. இது குறைந்தால் இருதயம், குடல், மூளை எல்லாம் மந்தப்படும். பாவும் அச்சும் சரியாய் இருந்தும், ஊடை போடும் கை தளர்ந்தால் சேலை வளருமா? அதுபோலத்தான் இதுவும். அயோடின் போதாமல் சுரப்பி தளர்வதுண்டு. உடம்பின் காவல் சக்தியே பகை என்று எண்ணிச் சுரப்பியைத் தாக்குவதும் உண்டு. இதில் சனிக்கு என்ன வேலை?

கிடா வெட்டுகின்றவர்கள் ஒரு சரித்திரத்தைக் கேட்கட்டும். 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், இந்நோயால் முகம் ஊதி, பேச்சும் நடையும் மந்தப்பட்டிருந்த 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியால் ஏற்றினார். அந்தப் பெண் தேறி, சாற்றைத் தொடர்ந்து உட்கொண்டு, 1919 வரை 28 வருஷம் வாழ்ந்தார். நம்மவர்களும் ஆட்டின் கழுத்தைத்தான் வெட்டுகின்றார்கள். ஆனால் மருந்து இருந்த கழுத்தைக் குழம்பில் போட்டுவிட்டு, வரத்துக்காகக் கல்லைப் பார்த்து நிற்கின்றார்கள்! அறிவுக்கும் மூடநம்பிக்கைக்கும் உள்ள தூரம் இவ்வளவுதான். இப்போது ஆடும் வேண்டியதில்லை. அந்தச் சத்தையே மாத்திரையாகச் செய்து விற்கின்றார்கள்.

இது எங்கோ ஒருவருக்கு வரும் நோயுமல்ல. சென்னை உள்பட 8 நகரங்களில் 5,376 பேரைச் சோதித்து 2013-ல் வெளியான ஆராய்ச்சியில், 100-க்கு ஏறக்குறைய 11 பேருக்கு இக்குறை இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. ஆண்களைவிடப் பெண்களே அதிகம்.

எல்லாவற்றிலும் கொடுமை பிறந்த குழந்தையின் விஷயம். சில குழந்தைகள் இச்சுரப்பி இல்லாமலோ, போதாமலோ பிறக்கின்றன. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்து, இரண்டு வாரத்துக்குள் மருந்து துவக்கினால் அநேகமாய் மற்றப் பிள்ளைகளைப்போலவே அறிவு வளரும். மாதக்கணக்கில் தாமதித்தால் போன மூளை திரும்பாது. அதற்குத்தான் "முன்ஜென்ம கர்மம்" என்று பெயர் வைக்கின்றார்கள். முன்ஜென்ம கர்மம் இரண்டு வாரக் கெடு வைத்துக் காத்திருக்குமா?

நிற்க. அசதியெல்லாம் தைராய்டு என்று நாம் சொல்லவில்லை. இரத்தசோகையாலும் அசதி வரும். அதனால்தான் சோதனை வேண்டும் என்கின்றோம். தைராய்டு தளர்ந்தால், அதைத் தட்டி எழுப்ப மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்பதை அதிகமாய் விடும். இரத்தத்தில் அந்த எண் ஏறியிருந்தால் டாக்டர் கண்டுகொள்வார். அவர் சொன்ன அளவு மாத்திரையைத் தினமும் காலையில் வெறும் வயிற்றில், காப்பிக்கு அரைமணி முன்னதாகத் தண்ணீரில் விழுங்கவேண்டும். தேறிவிட்டோம் என்று தாமாக நிறுத்தக்கூடாது. கர்ப்பமானால் உடனே டாக்டரிடம் சொல்லவேண்டும்; அளவு கூட்டவேண்டி வரலாம்.

பல்லியைத் தொட்டே தீருவோம் என்பவர்கள், தொடுவதற்கு முன்னும் பின்னும் டி.எஸ்.எச். எண்ணைச் சோதித்துப் பார்க்கட்டும். பல்லியின் யோக்கியதையை அந்த எண்ணே சொல்லிவிடும்.

நெசவுத் தோழர்களே! பட்டையும் ஜரிகையையும் எடைபோடாமல் வாங்கமாட்டீர்கள். மனைவியின் நோயை மாத்திரம் ஜோசியன் வாக்கால் அளக்கலாமா? யோசித்துப் பாருங்கள்.