உதவிப் பயிற்சியாளரின் நாற்காலி

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியின் விளையாட்டுத் திடல்களில் கால்பந்துக்குத் தனி உற்சாகம் பிறந்துவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் ஈரக் காற்றில், நனைந்த புல்தரையில், பள்ளிச் சிறுவர்கள் சறுக்கி விழுந்தபடியே பந்தைத் துரத்துவார்கள். காலை நடையின்போது நான் வழக்கமாக நின்று பார்க்கும் திடலில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறார். ஒரு காலத்தில் சென்னையில் துறை அணி ஒன்றுக்காக ஆடியவர்; இன்று அலுவலகப் பணிக்குச் செல்லுமுன் இரண்டு மணி நேரத்தை ஊதியமின்றி இங்கே செலவிடுகிறார்.

அண்மையில் ஒரு மாணவனின் தந்தை, பத்தாம் வகுப்பைக் காரணம் காட்டி மகனைப் பயிற்சியிலிருந்து நிறுத்த வந்திருந்தார். ஆடி முடித்த பிறகு இவனுக்கு என்ன இருக்கிறது என்பதே அவருடைய கேள்வி. பயிற்சியாளர் உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியோடுதான் நான் வீடு திரும்பினேன்.

தமிழகத்தில் அக்கேள்விக்கு விடையாக நினைவுக்கு வருபவர் சையத் சபீர் பாஷா. 1990களில் இந்திய அணியின் முன்கள வீரராக விளங்கியவர். இந்தியன் வங்கி அணியில் ஆடியவர், பின்னர் பயிற்சியாளராகத் தொடர்ந்தவர். சென்னையின் எஃப்.சி. 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் நடந்த இறுதி ஆட்டத்தில் 3-2 என்ற கணக்கில் வென்று இரண்டாம் முறையாக ஐ.எஸ்.எல். கோப்பையைக் கைப்பற்றியபோது, தலைமைப் பயிற்சியாளர் ஜான் கிரிகோரிக்கு உதவியாளராக இருந்தவர் அவரே.

கிரிகோரிக்குப் பின் ஓவன் கோய்ல் வந்தார். அவரை அடுத்து சாபா லாஸ்லோ, பின்னர் போஷிதார் பாந்தோவிச். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 எனத் தோற்றபின் பாந்தோவிச் விடைபெற, எஞ்சிய ஆட்டங்களுக்குப் பொறுப்பு பாஷாவிடம் தரப்பட்டது. அடுத்த பருவத்துக்கு ஜெர்மனியிலிருந்து தாமஸ் பிர்தாரிச் அழைத்து வரப்பட்டார்.

உதவிப் பயிற்சியாளரின் பணி வெளியே அதிகம் தெரியாதது. எதிரணியின் ஆட்டப் பதிவுகளை ஆராய்வது, ஆட்ட வாய்ப்புக் கிடைக்காத வீரர்களைச் சோர்ந்துவிடாமல் காப்பது, வெளிநாட்டுப் பயிற்சியாளரின் எண்ணத்தை உள்ளூர் இளைஞனுக்குப் புரியும் மொழியில் எடுத்துரைப்பது ஆகியவை அதில் அடங்கும். தலைமை மாறும்போதெல்லாம் அணியின் நினைவாற்றலாக எஞ்சுபவர் அவர்தான். எனினும் நெருக்கடியில் மட்டுமே அவருக்குத் தலைமை தரப்படுகிறது. நெருக்கடி தீர்ந்ததும் அது திரும்பப் பெறப்படுகிறது.

தோல்வியால்தான் இவ்வாறு நேர்கிறது என்று கொள்வதற்கும் இடமில்லை. டெம்போ அணியின் முன்னாள் நடுக்கள வீரர் கிளிஃபோர்ட் மிராண்டா, 2020 தொடக்கத்தில் செர்ஹியோ லொபேரா நீக்கப்பட்டபின் எஃப்.சி. கோவாவின் இடைக்காலப் பொறுப்பை ஏற்றார். ஐ.எஸ்.எல். லீக் சுற்றில் முதலிடம் பெற்ற அந்த அணி, ஆசிய சாம்பியன்ஸ் லீகின் பிரதானச் சுற்றில் நுழைந்த முதல் இந்திய அணியானது. ஆயினும் அடுத்த பருவத்தில் தலைமை ஏற்றவர் ஸ்பெயினின் ஹுவான் ஃபெராண்டோ. 2023 ஏப்ரலில் ஒடிசா அணியை இடைக்காலப் பயிற்சியாளராக வழிநடத்தி சூப்பர் கோப்பையை வென்று தந்தார் மிராண்டா. அதன் பின்னர் ஒடிசாவின் தலைமைக்கு வந்தவர் அதே லொபேரா. மிராண்டாவோ மோகன் பகானில் மீண்டும் உதவியாளர்.

காலம் மாறத் தொடங்கியிருப்பதையும் சொல்ல வேண்டும். 2021இல் காலித் ஜமீல், வடகிழக்கு யுனைடெட் அணியில், ஐ.எஸ்.எல். அணியொன்றின் முழுநேரத் தலைமைப் பயிற்சியாளரான முதல் இந்தியர் ஆனார். 2025 ஆகஸ்டில் தேசிய அணியே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டில் மிராண்டா சென்னையின் அணியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். ஆனால், ஐ.எஸ்.எல். போட்டியே காலவரையின்றி நிறுத்திவைக்கப்பட்டு, அணிகள் பொருளாதார நெருக்கடியில் தவித்த ஆண்டு அது. வெளிநாட்டவரை அழைக்கப் பணமில்லாத வேளையில்தான் உள்நாட்டுத் திறமை கண்ணில் படுகிறதோ என்ற ஐயம் எழுவது இயல்பே.

உள்நாட்டவர் என்பதாலேயே வெற்றி கிட்டிவிடாது என்பதும் உண்மை. காலித் ஜமீலின் பொறுப்பிலும் இந்தியா சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது. தகுதிச் சுற்றின் முதல் இரு ஆட்டங்களில் ஒரு புள்ளி மட்டுமே பெற்றிருந்த அணியை இடையில் ஏற்றவர் அவர் என்பதையும் சேர்த்தே அதை மதிப்பிட வேண்டும். நான் கேட்பது சலுகையன்று. வெளிநாட்டவருக்குத் தரப்படும் அதே கால அவகாசமும் அதே அளவுகோலும்தான்.

இதில் தென்காசிக்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். முன்பு வங்கி, ரயில்வே, வருமான வரித் துறை அணிகள் ஆட்டக்காரனுக்கு வேலை தந்தன. கால் தளர்ந்த பிறகும் அந்த ஊதியம் இருந்ததால் அவன் பயிற்சியாளனாக முடிந்தது. அந்த அணிகளின் இடத்தைத் தனியார் கிளப்புகள் பிடித்துவிட்ட இன்று, வீரனின் வருவாய் ஒப்பந்தத்தோடு முடிந்துவிடுகிறது. பயிற்சியாளராக உயர வேண்டுமெனில் டி, சி, பி, ஏ, புரோ என உரிமப் படிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. தங்கிப் பயில வேண்டிய நாள்கள் உண்டு. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே காத்திருப்பும் உண்டு. திடலில் நான் பார்க்கும் அந்த மனிதர் முதல் படியிலேயே நிற்பதற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று; விடுப்பும் பணமும் ஒருசேர அவருக்கு வாய்க்கவில்லை.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இங்கே செய்யக்கூடியது பெரிய செலவு பிடிப்பதன்று. மாவட்டத்துக்கு ஐந்து முன்னாள் வீரர்களைத் தேர்ந்து அவர்களின் உரிமக் கட்டணத்தை ஏற்கலாம். அரசுப் பணியில் இருப்போர்க்குப் பயிற்சி நாள்களைப் பணி நாள்களாகவே கருத ஆணை பிறப்பிக்கலாம். உரிமம் பெற்றவர்களை அரசுப் பள்ளித் திடல்களில் மதிப்பூதியத்துடன் அமர்த்தலாம். ஐ.எஸ்.எல். அணிகளும் தங்கள் உதவிப் பயிற்சியாளர்களை ஆண்டுக்குச் சில வாரங்கள் இத்தகைய மாவட்டங்களுக்கு அனுப்பலாம்.

குற்றாலத்தில் பருவம் முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும். ஆனால், அருவியாய் விழுந்த நீர் சிற்றாறாக ஓடி, வழியெங்கும் குளங்களை நிரப்பி, தாமிரபரணியைச் சேர்கிறது. வயல்களுக்கு அந்த ஓட்டம்தான் வேண்டும். சபீர் பாஷாவின் அனுபவமும் அவ்வாறு மாவட்டத் திடல்கள்வரை வந்து சேர வழி செய்யப்பட வேண்டும்.

அந்த மாணவன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் திடலுக்கு வருகிறான். அவனுடைய தந்தைக்குச் சொல்ல வேண்டிய பதில் இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது.