குசினி மேசையில் ஒரு இரசாயனப் புத்தகம்

மே மாதம் நெருங்கும்போது இலண்டன் வாழ் எம்மவர் வீடுகள் பலவற்றில் ஒரே காட்சியைக் காண்கிறோம். குசினி மேசையில் ஏ லெவல் இரசாயனவியல் புத்தகத்தை விரித்துவைத்துப் பிள்ளை சேதன இரசாயனத் தாக்கங்களை ஒவ்வொன்றாகப் பாடமாக்குகிறது. தந்தையோ தாயோ தேநீரை வைத்துவிட்டு ஓசைப்படாமல் விலகிவிடுகின்றனர். "நாங்கள் தமிழிலே படித்தவர்கள், இது எங்களுக்கு விளங்காது" என்பது அவர்கள் கூறும் நியாயம். இந்நியாயத்தை நாம் ஏற்பதற்கில்லை.

இவ்வாறு விலகுவோருள் எத்தனை பேர், 1990களில் மின்சாரமற்றிருந்த யாழ்ப்பாணத்தில் போத்தல் விளக்கின் ஒளியில் இதே பாடத்தைக் கற்று உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள்! காபனின் நான்கு பிணைப்புகள் ஆங்கிலத்தில் ஐந்தாகிவிடுவதில்லை.

பாடமாக்கியே தேறிவிடலாம் என்போர் இந்நகரில் முன்னர் நடந்த ஒன்றை அறிதல் நன்று. 1856ஆம் ஆண்டு, கிழக்கு இலண்டன் கேபிள் வீதியிலிருந்த தமது வீட்டில், 18 வயதேயான வில்லியம் பேர்கின் மலேரியாவுக்கு மருந்தாகும் குயினைனைச் செயற்கையாக ஆக்க முயன்றார். அணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். கணக்குச் சரியாகவே வந்தது. ஆனால் அவ்வணுக்கள் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை அன்று எவரும் அறிந்திலர். கிடைத்தது செங்கபில நிற வீழ்படிவு. பின் அனிலீனைக் கொண்டு முயன்றபோது கிடைத்த கறுப்புப் பொருளிலிருந்து ஊதாச் சாயம் பிறந்தது. மறு ஆண்டே, வெம்பிளிக்கு அண்மையிலுள்ள கிறீன்போர்டில் சாயத் தொழிற்சாலை நிறுவி அவர் செல்வந்தரானார். அவருக்கு அதிர்ஷ்டம் கைகொடுத்தது. பரீட்சை மண்டபத்தில் அதை நம்பியிருக்க முடியாது.

காபன் அணுக்கள் ஒன்றோடொன்று சங்கிலியாய்ப் பிணையும் என்ற கொள்கையைக் கெக்குலே 1858இல் வெளியிட்டார். அவ்வெண்ணம் இலண்டன் குதிரை பஸ் ஒன்றில் கண்ணயர்ந்தபோது தமக்கு உதித்ததாக அவரே பின்னாளில் கூறினார். (எமது பிள்ளைகளும் பஸ்ஸில் கண்ணயர்கின்றனர், அது வேறு கதை.)

ஒரு உதாரணம் போதும். புரோமோஎதேன் ஐதரொட்சைட்டு அயனுடன் தாக்கமுற்று எதனோலைத் தருகிறது. இதைப் பிள்ளை ஒப்புவிக்கும். ஏன் என்று கேட்டால், "நியூக்கிளியோபைல்" என்று மட்டும் சொல்லி நிறுத்தும். நாம் கற்ற சொல் கருநாடி. கருவை நாடுவது எதுவோ அதுவே கருநாடி. விளக்கம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. புரோமீன் இலத்திரன்களைத் தன்பால் இழுப்பதால் காபன் சற்று நேரேற்றம் பெறுகிறது. ஒட்சிசனின் தனிச்சோடி இலத்திரன்கள் அக்காபனை நாடிச் செல்கின்றன. எனவே வளைந்த அம்புக்குறி தனிச்சோடியிலிருந்தே புறப்பட வேண்டும். அதைக் காபனிலிருந்து வரைந்து புள்ளிகளை இழக்கும் பிள்ளைக்கு, இன்னொரு பயிற்சித்தாளைவிட இந்த ஒரு தமிழ்ச் சொல் அதிகம் உதவும்.

விடையைத் தமிழில் எழுதுமாறு நாம் கூறவில்லை. ஆங்கிலக் கலைச்சொற்களைப் பிள்ளை கற்றேயாக வேண்டும். அவற்றைப் பெற்றோருக்குக் கற்பிக்கவும் அதனால் முடியும். மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு இப்பாடம் பெரும்பாலும் தவிர்க்க முடியாதது. வசதியுள்ளோர் ரியூசனுக்கு அனுப்புகின்றனர். அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்து, வேலை செய்யவும் பொதுவாக அனுமதியின்றி இருக்கும் குடும்பம் என்ன செய்யும்? யாழ்ப்பாணத்தில் கற்ற தந்தை அங்கே ஒரு ஆசிரியராகவே வீட்டில் இருக்கிறார். அவரோ அடுத்த அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இன்றிரவு தேநீரை வைத்தபின் கதிரையொன்றை இழுத்து அருகே அமருங்கள். அம்புக்குறி எங்கிருந்து புறப்படுகிறது என்று கேளுங்கள்.