அமெரிக்காவிலிருந்து கிளம்பும் கள்ளக்குறிச்சி சுந்தரர்... வந்து சேரும் ஊர் எது?

2026 ஜனவரியில் வாஷிங்டனில் இருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஸ்மித்சோனியனின் தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகம், தன்னிடம் உள்ள தமிழ்நாட்டு வெண்கலத் திருமேனிகளை இந்திய அரசிடம் ஒப்படைக்கப் போவதாகச் சொன்னது. ஒன்று சோழர் கால நடராஜர், இன்னொன்று சோமாஸ்கந்தர். இந்த இரண்டும் பழைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கோயில்களுடையவை. தலைப்புச் செய்தியெல்லாம் நடராஜருக்குத்தான் போனது.

மூன்றாவதாக இருந்தது சுந்தரரும் பரவை நாச்சியாரும். விஜயநகர காலம், 16-ம் நூற்றாண்டு. ஊர்: கள்ளக்குறிச்சி பக்கத்தில் உள்ள வீரசோழபுரம். அந்த ஊர் சிவன் கோயிலில் 1956-ல் இந்தத் திருமேனிகள் இருந்தன. 1987-ல் அவை அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருந்தன. நடுவில் 31 வருடம்.

கைமாறிய கதை ஏன் முக்கியம்?

ஒரு கலைப்பொருள் யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது, எந்த வருடம், என்ன விலைக்கு, எங்கெல்லாம் காட்சிக்கு வைக்கப்பட்டது? இந்த விவரங்களைக் கோத்து எழுதுவதைத்தான் அருங்காட்சியகங்கள் கைமாறிய வரலாறு என்கின்றன. வீட்டு மனை வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்ப்பது மாதிரிதான் இதுவும்.

இந்த வரலாறு எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்பதற்கு அதே அருங்காட்சியகத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஜேம்ஸ் மெக்நீல் விஸ்லர் என்ற அமெரிக்க ஓவியர் 1879-ல் வெனிஸ் போய் ஒரு வருடத்துக்கும் மேலாகத் தங்கி எட்சிங்குகள் செய்தார். செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு கொடுத்து, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்க விட்டு, மை தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுப்பதுதான் எட்சிங். 1883-ல் அவை லண்டனில் காட்சிக்கு வந்தபோது அரங்கம் முழுக்க மஞ்சளும் வெள்ளையும்; வாசலில் நின்ற பணியாளின் உடுப்பு உட்பட. 1886-ல் அவற்றில் 26 எட்சிங்குகள் ஒரு தொகுதியாக வெளியாகின. மறு வருடமே டெட்ராய்ட்டில் ரயில் பெட்டித் தொழில் செய்துவந்த சார்லஸ் லாங் ஃப்ரீயர் ஒரு தொகுதியை வாங்கினார். அவர் வாங்கிய முதல் விஸ்லர் படைப்புகள் அவை. தன் சேகரிப்பை அவர் அமெரிக்க மக்களுக்கே எழுதிக் கொடுத்தார். 1923-ல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகத்தின் ஒரு பாதி இன்றைக்கும் அதுதான்.

உள்ளங்கை அகலக் காகிதம். ஒரே தகட்டில் இருந்து பல பிரதிகள் எடுக்கக்கூடிய பொருள். அதற்கே இவ்வளவு வரலாறு. ஐரோப்பாவில் அச்சுப் படங்களைச் சேகரிப்பவர்கள் காகிதத்தின் மூலையிலோ பின்பக்கத்திலோ சின்ன முத்திரை குத்துவார்கள். எந்த முத்திரை யாருடையது என்று சொல்வதற்காகவே ஃப்ரிட்ஸ் லக்ட் என்ற டச்சுக்காரர் 1921-ல் ஒரு பெரிய புத்தகம் போட்டார்.

சரி, சுந்தரருக்கு? அதே அருங்காட்சியகத்தின் மறுபாதியான சாக்லர் பிரிவுக்கு 1987-ல் ஆர்தர் சாக்லர் என்ற மருத்துவர் கொடுத்த சுமார் 1,000 கலைப்பொருட்களில் ஒன்றாகத்தான் அவர் உள்ளே போனார். பூஜையில் இருந்த ஒரு திருமேனி, தேசம் விட்டு தேசம் போனது சட்டப்படி நடந்ததா என்று அன்றைக்கு யாரும் அழுத்திக் கேட்கவில்லை. இத்தனைக்கும் பழம்பொருட்களை அனுமதியில்லாமல் ஏற்றுமதி செய்யக் கூடாது என்ற இந்தியச் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது.

காட்டிக் கொடுத்தது ஒரு புகைப்படம்

1955-ல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் ஆட்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு தமிழகக் கோயில்களைப் படம் எடுத்தார்கள். அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சி தாலுகாவுக்கும் 1956-ல் வந்து, வீரசோழபுரத்துத் திருமேனிகளைப் பதிவு செய்தார்கள். திருட்டு போகும் என்று நினைத்து எடுத்த படங்கள் இல்லை அவை. சிற்ப ஆய்வுக்காக எடுத்தவை. ஒரு லட்சத்துக்கும் மேலான அந்தப் படங்கள்தான் இன்று சிலை மீட்பின் முதல் சாட்சி.

2022-ல் தமிழகக் காவல்துறையின் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு, இந்தப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்து, வீரசோழபுரத்தின் ஆறு திருமேனிகள் அமெரிக்க அருங்காட்சியகங்களிலும் ஏல நிறுவனத்திலும் தென்பட்டதாகச் சொன்னது. 2023-ல் வாஷிங்டன் அருங்காட்சியகமே பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து சரிபார்த்தது. சட்டத்தை மீறி வெளியே கொண்டுபோகப்பட்டவைதான் என்று இந்தியத் தொல்லியல் துறை உறுதிசெய்தது. ஜனவரி அறிவிப்பில் வந்தது சுந்தரரும் பரவையும் மட்டும்தான் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். அந்தக் கோயிலின் கணக்கு இன்னும் முடியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. சுந்தரரின் கதையே ஓர் ஆவணத் தகராறுதான். கல்யாணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் நுழைந்து, "இவன் என் அடிமை, இதோ ஓலை" என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழித்தது நகல்தான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர் சபையில் எடுத்துக் காட்டுகிறார் கிழவர். பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறார்கள். பெரியபுராணம் சொல்லும் அந்த வழக்கில் நகல் தோற்றது, மூலம் ஜெயித்தது. வீரசோழபுரத்து வழக்கில் மூலமே காணாமல் போனது. நகலான புகைப்படம் அதை மீட்டது.

இனிமேல்தான் கேள்வி

திரும்பி வருவது என்றால் எங்கே வருவது? டெல்லிக்கா, சென்னைக்கா, வீரசோழபுரத்துக்கா?

முன் அனுபவம் அவ்வளவு நம்பிக்கை தருவதாக இல்லை. பத்தூர் நடராஜருக்காக லண்டன் நீதிமன்றம் வரை போய் வழக்காடி ஜெயித்தோம். கோயில் சார்பிலான உரிமையை ஆங்கிலேய நீதிபதிகளே ஏற்றார்கள். 1991-ல் திரும்பி வந்த அவர் பத்தூர் கோயிலுக்குப் போகவில்லை. திருவாரூரில் உள்ள திருமேனிகள் பாதுகாப்பு மையத்துக்குப் போனார். பரவை நாச்சியாருக்கு திருவாரூர் பிறந்த ஊர் என்று வேண்டுமானால் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். சுந்தரர் பிறந்த திருநாவலூர் இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

பாதுகாப்பு என்ன ஆவது என்ற எதிர்வாதம் நியாயமானது. ஒரு கால பூஜை, நாலு கோயிலுக்கு ஒரு குருக்கள், இரவில் காவல் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் வைத்தால் மறுபடியும் திருடு போகும். ஆனால் அதற்கான பதில் 200 கிலோமீட்டர் தள்ளிப் பூட்டி வைப்பது இல்லை. கேமராவும் பெட்டக அறையும் காவலரும் வீரசோழபுரத்துக்கு வரட்டும். முடியாவிட்டால் கள்ளக்குறிச்சியிலேயே ஒரு மையம் அமைக்கட்டும். 2019-ல் தனி மாவட்டம் ஆனதற்கு இது மாதிரி ஏதாவது பிரயோஜனம் இருக்க வேண்டும்.

இன்னொன்று, இன்னும் திருடு போகாதவை. 1959-ம் வருட அறநிலையச் சட்டம், ஒவ்வொரு கோயிலும் சிலை விவரங்களோடு சொத்துப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. அது அலுவலக பீரோவில் இருந்து யாருக்கு லாபம்? படத்தோடு இணையத்தில் இருந்தால், உலகத்தின் எந்த ஏல நிறுவனமும் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. படம் போட்டால் திருடனுக்கு வழிகாட்டியது போல் ஆகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். படமே இல்லாத சிலைதான் திருடனுக்கு வசதி. அதை எங்கே வேண்டுமானாலும் விற்கலாம்.

சின்னசேலத்திலோ சங்கராபுரத்திலோ கல்வராயன் மலை அடிவாரத்திலோ பிறந்து, சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்ப்பவர்கள் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறார்கள். சாமி வீதியுலா வரும்போது ஆளாளுக்கு போனை நீட்டுகிறார்கள். பட்டும் மாலையும் மூடிய அந்தப் படங்கள் ஸ்டேட்டஸுக்குச் சரி, கோர்ட்டில் நிற்காது. ஒரு சிலையை அடையாளம் காட்டுவது பீடத்தின் வடிவம், தேய்ந்த விரல், பின்பக்கம், உயர அளவு. திருமஞ்சனத்துக்கு அலங்காரம் கலைக்கும் நாளில் கோயில் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, முன்னும் பின்னும் எடுத்து, தேதி எழுதி வைத்தால் போதும். 1956-ல் அவ்வளவுதான் செய்தார்கள்.

சுந்தரரின் குருபூஜை ஆடி சுவாதியில் வரும். நிரந்தர இடம் முடிவாக இரண்டு மூன்று வருடம் ஆகும் என்று அதிகாரிகள் சொன்னாலும், அந்த ஒரு நாளாவது போலீஸ் காவலோடு வீரசோழபுரத்துக்குக் கொண்டு வர வேண்டும். 1956-ல் அவரைக் கோயிலில் பார்த்த சிறுவர்கள் யாராவது ஊரில் இருந்தால், எண்பது வயது தாண்டியிருப்பார்கள்.